ஏரோப்ளேன் மேட்டில் கட்டிய தோரணம்

ஆந்திரா தனி மாநிலமாகிச் சில வருஷங்கள் ஆகியிருந்த நேரம். சித்தூர் ஜில்லாவில் எந்த ஊர் சென்னை ராஜ்ஜியத்துக்கு, எந்த ஊர் ஆந்திராவுக்கு என்பது இன்னும் முடிவாகவில்லை. பிச்சாட்டூருக்கு மேற்கே, ஆரணி ஆற்றைத் தாண்டி இருக்கிற எங்கள் ஊரில், வைகாசிக் கடைசியில் ஒரு காலை நேரம் நடந்ததைத்தான் சொல்லப் போகிறேன். வீட்டில் எத்தனையோ தடவை சொல்லியாயிற்று. "மறுபடியும் ஏரோப்ளேன் கதையா?" என்று எல்லோரும் எழுந்து போய்விடுகிறார்கள். அதனால்தான் உங்களிடம் வந்திருக்கிறேன்.

எல்லைப் பிரச்சினை என்றால் இன்றைக்குப் பாடப் புத்தகத்தில் இரண்டு வரி. எங்கள் ஊரில் அது இரண்டு டீக்கடை. பஸ் நிற்கிற இடத்துக் கடையில் சென்னையோடு சேர வேண்டும் என்கிறவர்கள் உட்காருவார்கள். எதிர்க் கடையில் ஆந்திராவிலேயே இருக்க வேண்டும் என்கிறவர்கள். இரண்டு கடைக்கும் ஒரே பால்காரர்தான் பால் ஊற்றினார், தண்ணீரும் ஒரே கிணற்றுத் தண்ணீர்தான். ஆனாலும் கடை மாறி உட்கார்ந்தவனைப் பற்றி ஒரு வாரம் பேசுவார்கள். வீட்டுக்குள் பாதித் தமிழும் பாதித் தெலுங்குமாகப் பேசுகிற ஜனங்கள், தெருவுக்கு வந்ததும் ஒரே பாஷையைச் சுத்தமாகப் பேசிக்காட்ட முயன்று திண்டாடியதைப் பார்க்க வேடிக்கையாக இருக்கும்.

சென்னைக் கட்சிக்கு எங்கள் ஊரில் தலைவர் என் அப்பா. எங்கள் பக்கத்து வழக்கப்படி நைனா என்று கூப்பிடுவோம். ஆந்திரக் கட்சிக்குத் தலைவர் ரைஸ் மில் முதலாளி. இருவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். மில்காரரைச் சின்ன வயதிலிருந்து மாமா என்று கூப்பிட்டுத்தான் எனக்குப் பழக்கம். எல்லைச் சண்டை வந்தபிறகு இருவருக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோயிற்று. ஒருவர் மாட்டுவண்டி எதிரே வந்தால் மற்றவர் தன் வண்டியை ஓரங்கட்டிவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பார்.

எனக்கு இந்த இரண்டு கட்சியிலும் மனம் ஒட்டவில்லை. எனக்குப் பிடித்தது ஆகாயம். சென்னையில் காலேஜ் முடித்ததும் அங்கேயே ஒரு விமானப் பயிற்சிக் கழகத்தில் சேர்ந்து, ஓட்டக் கற்றுக்கொண்டு, துணைப் பயிற்சியாளராகவும் ஆகிவிட்டேன். நைனாவுக்கு அது பெரிய குறை. பையன் என்ன செய்கிறான் என்று வெளியூர்க்காரர் யாராவது கேட்டால், "பட்ணத்துல ஏதோ மோட்டார் வேல பாக்கறான்" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவார்.

ஊருக்கு வெளியே ஒரு மேடு. யுத்த காலத்தில் வெள்ளைக்காரப் பட்டாளம் வந்து சரளை கொட்டி, ரோலர் ஓட்டி, விமானம் இறங்குவதற்கு நீளமாக ஒரு ஓடுபாதை போட்டது. யுத்தம் முடிந்தது, பட்டாளம் போயிற்று, ஓடுபாதை மட்டும் மிஞ்சியது. ஊர் அதற்கு ஏரோப்ளேன் மேடு என்று பேர் வைத்தது. இரண்டு ஓரமும் வேலமுள் ஏறி, நடுவில் தேர் ஓடும் தெரு அகலத்துக்குத்தான் வெட்டவெளி மிச்சம். அதுவாவது மிஞ்சியதற்குக் காரணம் வேர்க்கடலை. எங்கள் பக்கத்தில் கல்லக்கா என்போம். புழுதி இல்லாத கெட்டித் தரை சுற்றுவட்டாரத்தில் வேறெங்கும் கிடையாது. கடலையைக் காயப்போட எல்லோரும் அங்கேதான் வருவார்கள். அதற்காகவே முள்ளை வெட்டி, குழியை அடைத்து, தரையைப் பெருக்கி வைத்திருந்தார்கள்.

சென்னையிலிருந்து கடப்பைப் பக்கமும் பெங்களூர்ப் பக்கமும் பறக்கிறவர்களுக்கு அந்த மேடு எவ்வளவு பெரிய விஷயம் என்று ஊருக்குத் தெரியாது. ரேணிகுண்டாவில் இன்றைக்கு இருக்கிற விமான நிலையம் அப்போது கிடையாது. நாங்கள் ஓட்டியதோ ஒற்றை எஞ்சின் வைத்த, தலைக்கு மேல் கூரை இல்லாத, இறக்கையெல்லாம் துணி போர்த்திய சின்ன விமானம். நகரி மலைப் பக்கம் வரும்போது எஞ்சின் மக்கர் செய்தால், கீழே மலையும் ஏரியும் கரும்பும் சேற்று வயலுமாக இருக்கும். உயிரோடு இறங்க அந்த ஒரு மேட்டை விட்டால் வேறு வழியில்லை.

எனக்கே அது நடந்திருக்கிறது. பயிற்சிக் காலத்தில் தனியாக வந்துகொண்டிருந்தேன். எஞ்சின் திணறித் திணறி நின்றே போய்விட்டது. மேடு கண்ணில் பட்டது, எப்படியோ இறங்கிவிட்டேன். இறங்கிய பிறகுதான் தெரிந்தது, ஓடுபாதை முழுக்கக் கடலை. அங்கே கடலை காயப்போடும் பெண்களுக்கெல்லாம் தலைவி மாதிரி ஒரு அக்கா இருந்தார். வாய்க்குப் பயந்தே ஆண்கள் அவர் பக்கம் போகமாட்டார்கள். கையில் துடைப்பத்தோடு நேராக விமானத்துக்கு வந்துவிட்டார்.

"ஏம்பா, எறங்கறவன் ஒரு கொரல் குடுத்துட்டு எறங்கக் கூடாதா? எங் கல்லக்கா மேலயா வண்டி வுடுவ?"

எஞ்சின் நின்றுபோனவன் எப்படி அக்கா குரல் கொடுப்பது என்று கேட்டேன். அது உன் தலைவலி என்றுவிட்டார். எனக்கு அந்தத் திட்டு இனித்தது. உயிரோடு இருக்கிறவனைத்தானே திட்ட முடியும்?

அதிலிருந்து ஒரு வழக்கம் வந்தது. எஞ்சின் நன்றாக ஓடுகிறபோது மேட்டில் இறங்க வேண்டுமென்றால் முதலில் தாழ்வாக ஒரு தடவை பறந்து போக வேண்டும். சத்தம் கேட்டதும் பெண்கள் "வாரு! வாரு!" என்று ஒருவருக்கொருவர் கத்திக்கொண்டு, பலகையும் துடைப்பமுமாகக் கடலையை ஓரத்துக்குத் தள்ளுவார்கள். ஆட்டை விரட்டுவார்கள், குழந்தையைத் தூக்கிக்கொள்வார்கள். நாங்கள் ஒரு வட்டமடித்துத் திரும்பி வருவதற்குள் தரை சுத்தமாக இருக்கும். எங்கள் கழகத்தில் புதிதாக வருகிற பயிற்சி விமானி, வரைபடம் பார்க்கக் கற்றுக்கொள்வதற்கு முன்பே இந்த வழக்கத்தைத் தெரிந்துகொள்வான்.

இப்படி இருக்கையில் மேட்டை மூடப் போகிறார்கள் என்று செய்தி வந்தது. கோடு எங்கே விழும் என்று தெரியாத நிலத்தில் அது இருந்தது. நாம் செலவு செய்து, நாளைக்கு அது அவர்கள் பக்கம் போய்விட்டால் என்ன செய்வது என்று இரண்டு பக்கத்து அலுவலகங்களும் நினைத்தன. ஆளில்லாத ஓடுபாதை ஆபத்து, அதனால் குறுக்கே பள்ளம் வெட்டி மூடிவிட்டு, ஐப்பசி மழைக்குச் சவுக்குக் கன்று வைத்துவிடலாம் என்று யோசனை. பள்ளம் எடுக்க வேண்டிய இடத்தில் அடையாளக் கல்லும் நட்டுவிட்டார்கள். எங்கள் கழகத்துப் பெரியவர்கள் இரண்டு அரசாங்கத்துக்கும் முறையிட்டார்கள். இங்கே கேட்டால் அங்கே கேள் என்றார்கள், அங்கே கேட்டால் இங்கே கேள் என்றார்கள். எனக்குக் கோபம் வந்தால் சோறு இறங்காது. அந்த மாதம் நான் பாதியாக இளைத்துப் போனேன். நாளைக்கு என்னிடம் படிக்கிற ஒருவனுக்கு எஞ்சின் நின்றால் அவன் எங்கே இறங்குவான்? சவுக்குத் தோப்பிலா?

ஊர் எழுந்து கேட்டால்தான் அரசாங்கம் கேட்கும் என்று எனக்குத் தோன்றியது. லீவு போட்டுவிட்டு ஊருக்கு வந்தேன். நைனா சந்தைத் திடலில் எல்லைக் கூட்டம் போடுவதாக இருந்தார். மேட்டைப் பற்றி நானும் இரண்டு வார்த்தை பேசுகிறேன் என்றேன்.

"நாடே ரெண்டா போவுது, ஒனக்கு ஏரோப்ளேன் கேக்குதா?" என்றார் நைனா. பிறகு கொஞ்சம் யோசித்து, "சரி பேசு. ஆனா அது மெட்ராஸ் மேடுன்னு சொல்லு. ஜனம் கை தட்டும்" என்றார்.

நான் அப்படிச் சொல்லவில்லை. எஞ்சின் நிற்கும் கதையைச் சொன்னேன். கூட்டம் மரியாதையாகக் கேட்டுக்கொண்டது. கடைசியில் ஒருவர் எழுந்து, "அந்த ப்ளேன்ல எங்கள மொட்ட போட திருப்பதிக்கு இட்டுனு போவியா?" என்று கேட்டார். அத்தோடு என் பேச்சு முடிந்தது. மறுநாள் எதிர்க் கடைக்குப் போய் மில் மாமாவைப் பார்த்தேன். அவர் அன்பாகத்தான் பேசினார். "மன ஆந்திரா மேடுன்னு ஒக்க மாட்ட சொல்லு பாபு. மிகதா நான் பாத்துக்கறேன்" என்றார். நம் ஆந்திரா மேடு என்று ஒரு வார்த்தை சொன்னால் மிச்சத்தை அவர் பார்த்துக்கொள்வாராம். இந்த ஒரு வார்த்தைக்காக இரண்டு பேரும் என் மேட்டைக் குழிதோண்டிப் புதைக்கத் தயாராக இருந்தார்கள்.

அப்போதுதான் எனக்கு ஒரு குறுக்குப் புத்தி வந்தது. எல்லை வேலையில் அரசாங்கச் சொத்துகளைப் பார்த்து முடிவு சொல்ல ஒரு அதிகாரியைப் போட்டிருந்தார்கள். குப்பம் பக்கத்துக்காரர். வீட்டில் கன்னடம், பள்ளியில் தெலுங்கு, சந்தையில் தமிழ் என்று வளர்ந்தவர். எங்கள் ஆள் என்று ஒரு கட்சியும் அவரைச் சொந்தம் கொண்டாட முடியாது. எங்கள் விமானத்திலேயே வந்து மேட்டில் இறங்கிப் பாருங்கள் என்று கழகத்தார் அவரை அழைத்தார்கள். "சரி, மூடறதுக்கு முன்னாடி ஒரு தடவை பாத்துட்டு மூடறேன்" என்று ஒத்துக்கொண்டார். நான் ஓட்டிவருவது என்று ஏற்பாடு.

நைனாவிடம் போய், மில் மாமா அதிகாரிக்குப் பெரிய வரவேற்பு கொடுக்கப் போகிறாராம் என்றேன். மில் மாமாவிடம் போய், நைனா மேளதாளம் ஏற்பாடு செய்கிறார் என்றேன். இரண்டும் அந்த நிமிஷம் வரை பொய். மாலைக்குள் இரண்டும் உண்மையாகிவிட்டது. யார் மேடு என்ற பேச்சு போய், யார் வரவேற்பு பெரிது என்ற பேச்சு வந்தது. ஊர் மொத்தமும் மேட்டுக்கு வந்து நின்றால் போதும், அதிகாரி மனம் இளகிவிடும் என்பது என் கணக்கு. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

கிளம்புவதற்கு முன் கடலை அக்காவையும் போய்ப் பார்த்தேன். அன்றைக்கு மேட்டில் ஒரு கொட்டை கூட இருக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னேன்.

"ஏன், கல்லக்கா இன்னா திருட்டுச் சாமானா?"

"அதிகாரி பாத்தா இது ஓடுபாதை இல்ல, களம்னு சொல்லி மூடிடுவாருக்கா."

முணுமுணுத்துக்கொண்டே ஒத்துக்கொண்டார். பெண்கள் யாரும் ஓடுபாதைக்குள் வரக் கூடாது, ஓரமாக நிற்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டுச் சென்னைக்கு வந்துவிட்டேன்.

அந்தக் காலை வானம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. அந்த விமானத்தில் பயணி முன்னால், ஓட்டுகிறவன் பின்னால். பேசுவதற்கு நடுவில் ஒரு குழாய். அதிகாரி குழந்தை மாதிரி எட்டி எட்டி ஏரிகளைப் பார்த்துக்கொண்டு வந்தார். நல்ல மனநிலையில் இருக்கிறார், காரியம் பழம் என்று நினைத்தேன். ஆற்றைத் தாண்டியதும் மேடு தெரிந்தது.

கடலை ஒன்று கூட இல்லைதான். ஆனால் மேட்டின் கிழக்குக் கோடியிலிருந்து மேற்குக் கோடி வரைக்கும் ஓடுபாதைக்குக் குறுக்கே தோரணம். மந்திரி காரில் வந்தால் தெருவுக்குக் குறுக்கே கயிறு இழுத்து மாவிலையும் காகிதக் கொடியும் கட்டுவோமே, அதே மாதிரி. இந்தப் பக்கச் சவுக்குக் கம்பத்திலிருந்து அந்தப் பக்கச் சவுக்குக் கம்பத்துக்கு ஒரு கயிறு, பத்தடி தள்ளி இன்னொரு கயிறு, அப்புறம் இன்னொன்று. கிழக்குப் பாதி நைனா கட்சி, மேற்குப் பாதி மில் மாமா கட்சி. முதலில் ஓரமாகப் பந்தல் மட்டும்தான் போட்டார்களாம். அந்தக் கட்சி குறுக்கே ஒரு கயிறு கட்டியதும் இந்தக் கட்சி இரண்டு கட்ட, வீம்பு வளர்ந்து, வாழை மரம் வரை வந்துவிட்டது. விமானம் எப்படி இறங்கும் என்று யாருமே யோசிக்கவில்லையா என்று பிறகு ஒருவரைக் கேட்டேன். "மேலேர்ந்துதானே வருது, மேலேர்ந்தே எறங்கிடும்னு நெனச்சோம்" என்றார். இறங்குவதைப் பக்கத்திலிருந்து பார்த்துப் பழகிய பெண்களைத்தான் நான் ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டேனே!

தாழ்வாக ஒரு தடவை பறந்து போனேன். புரிந்துகொள்வார்கள் என்று பார்த்தால், கூட்டம் கை தட்டியது. கிழக்கே நாதஸ்வரமும் மேற்கே பேண்டு செட்டும் வேகம் பிடித்தன. மறுபடி வட்டமடித்தேன். மாலையைத் தூக்கிக் காட்டினார்கள்.

"என்ன, இறங்கலையா?" என்று குழாயில் அதிகாரி கேட்டார்.

"ஊருக்கு மரியாதையா ஒரு சுத்து சார்" என்றேன்.

அவர் எட்டிப் பார்த்தார். "அதெல்லாம் கயிறா?" என்றார். நான் இன்னொரு வட்டம் திரும்பினேன். சுற்றிச் சுற்றி வந்ததில் அவருக்குக் குமட்டல் வேறு வந்துவிட்டது. கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். சற்று நேரம் கழித்துக் குழாயில் தளர்ந்த குரல் வந்தது. "திருப்பிடுங்க. இறங்கவே முடியாத ஓடுபாதைன்னு என் கண்ணாலயே பாத்துட்டேன். இதுக்கு மேல என்ன வேணும்?"

அவர் இதை அப்படியே சொல்லிவிட்டால் மறுநாளே பள்ளம் வெட்டுவார்கள். மேட்டைக் காப்பாற்றப் போகிறேன் என்று நான் செய்த சாமர்த்தியமே மேட்டை மூடப் போகிறது. ஒரே ஒரு தடவை சார், ஒரே ஒரு தடவை என்று கெஞ்சினேன். அவர் பதில் சொல்லவில்லை. சொல்ல முடியாத நிலையில் இருந்தார் என்பதுதான் உண்மை. அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டேன்.

ஓடுபாதையை விட்டு ஒதுங்கி, வேலமுள்ளுக்கு மேலே, பெண்கள் நின்ற ஓரமாக எவ்வளவு தாழ முடியுமோ அவ்வளவு தாழ வந்தேன். எஞ்சினைக் குறைத்தேன். சத்தம் அடங்கி, கம்பிகளில் காற்று ஊதுவது மட்டும் கேட்டது. தலையை வெளியே நீட்டி, அடிவயிற்றிலிருந்து கத்தினேன்.

"வாரு! வாரு!"

மேலே ஏறித் திரும்பிப் பார்த்தேன். ஒரு சேலை ஓடுபாதைக்குள் ஓடியது. கடலை அக்கா! கையிலிருந்த அரிவாளால் முதல் கயிற்றை அறுத்தார். கிழக்குப் பாதி, நைனா கட்சிக் கயிறு. நைனா பாய்ந்து வந்து தடுத்தாராம். அக்கா மேலே கையைக் காட்டி, "அங்க சுத்தினுகீறது இன்னா, காக்காயா? ஒம் புள்ளய்யா! எங்க எறங்குவான், ஒந் தலமேலயா?" என்று கேட்டாராம். நைனா அண்ணாந்து பார்த்தார். அடுத்த கயிற்றை நைனாவே பிடித்து இழுத்ததை நான் மேலிருந்து பார்த்தேன். வெள்ளை வேட்டி, பச்சைத் துண்டு, எனக்கு அடையாளம் தெரியாதா?

மேற்குப் பக்கம் மில் மாமா இதைக் கவனித்துவிட்டார். கிழக்கில் தரையைக் காலி செய்கிறார்கள் என்றால் அதிகாரி அவர்கள் பாதியில் இறங்கப் போகிறார் என்று அர்த்தம். விடுவாரா? "வாள்ளு தீசேஸ்துன்னாரு! மனமூ தீயண்டிரா!" என்று ஒரு கத்து. அவர்கள் எடுக்கிறார்கள், நாமும் எடுங்கடா என்று. அவ்வளவுதான். இரண்டு பாதியும் பந்தயத்தில் இறங்கிவிட்டன.

அந்தக் காட்சியை நான் எப்படிச் சொல்வேன்! இரண்டு கோடியிலிருந்தும் தோரணங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சரிந்துகொண்டே நடுவை நோக்கி வந்தன. கம்பத்தைப் பிடுங்கித் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார்கள். வாழை மரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். தவிலைக் கட்டியபடியே தவில்காரர் ஓடினார். அவர்கள் ஓடிய தடத்தில் பெண்கள் வரிசையாக, கடலை தள்ளுகிற அதே வேகத்தில், மாவிலையையும் காகிதத்தையும் பெருக்கித் தள்ளிக்கொண்டே வந்தார்கள். எந்தச் சேலை எந்தக் கட்சி என்று மேலிருந்து எனக்குத் தெரியவில்லை. முன் இருக்கையில் அதிகாரி கைக்குட்டையைக் கீழே இறக்கிவிட்டு, குமட்டலை மறந்து, விளிம்பைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசிக் கயிறு நட்ட நடுவில். அதைக் கட்டியது யார் என்று இன்றுவரை தகராறு. அதன் ஒரு முனையில் நைனா, மறுமுனையில் மில் மாமா. இருவரும் ஏதாவது பேசிக்கொண்டார்களா என்று எனக்குத் தெரியாது. இரண்டு முனையும் ஒன்றாக அவிழ்ந்து கயிறு தரையில் விழுந்ததை மட்டும் பார்த்தேன். நான் பாதி வட்டத்தில் இருந்தேன். வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தேன். கண்ணாடிக்குள் கண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

மேற்கிலிருந்து காற்று அடித்ததால் அதை எதிர்த்துக் கிழக்கிலிருந்து வந்து இறங்கினேன். சக்கரம் கிழக்குப் பாதியில் தொட்டு, உருண்டு, மேற்குப் பாதியில் போய் நின்றது. விமானத்தைச் சுற்றி ஜனங்கள் மொய்த்துக்கொண்டார்கள். "மொதல்ல தொட்டது எங்க மண்ணு" என்று இந்தக் கட்சி. "தொட்டா என்ன, நிலிச்சிந்தி மா தக்கர!" நின்றது எங்களிடம் என்று அந்தக் கட்சி. அதிகாரியைக் கைத்தாங்கலாக இறக்கினேன். இரண்டு பக்கத்திலிருந்தும் கோலி சோடா நீட்டினார்கள். மனிதர் விவரமானவர், இரண்டையும் குடித்தார்.

குடித்துவிட்டு என்னைப் பார்த்து, "இவங்களுக்கு இதெல்லாம் யார் பழக்கினது?" என்று கேட்டார். சென்னையிலிருந்து மனப்பாடம் செய்துகொண்டு வந்த என் சொற்பொழிவை ஆரம்பித்தேன். விமானப் போக்குவரத்தின் எதிர்காலம், தேசத்தின் வளர்ச்சி என்றெல்லாம் அதில் இருந்தது. கடலை அக்கா நடுவில் புகுந்துவிட்டார்.

"யாரு பழக்கணும்? கல்லக்காயக் காயப்போட்டா, ப்ளேன் வந்தா வாரத்தானே வேணும்? இந்தப் புள்ளதான் இன்னிக்குக் கல்லக்கா வாணான்னுச்சி. கல்லக்கா இருந்திருந்தா இந்தக் கயித்தக் கட்ட எவனுக்கு எடம் இருந்திருக்கும்?"

கூட்டம் மொத்தமும் சிரித்தது. இரண்டு கட்சியும் சேர்ந்து சிரித்ததைப் பல வருஷங்களுக்குப் பிறகு அன்றைக்குத்தான் கேட்டேன். சிரிப்பு என்னைப் பார்த்துத்தான் என்றாலும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதிகாரியும் சிரித்தார். பிறகு கடலை வழக்கத்தைப் பற்றி அக்காவிடமே தெலுங்கிலும் தமிழிலும் மாறி மாறிக் கேட்டுத் தெரிந்துகொண்டார். ஓடுபாதையில் கொஞ்ச தூரம் நடந்து, செருப்பால் தரையைத் தட்டிப் பார்த்தார். திரும்பி வந்து எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"ஆளில்லாத ஓடுபாதைன்னு சொல்லித்தான் என்னை அனுப்பினாங்க. இங்க ஊரே ஆளா நிக்குது. எல்லை எந்தப் பக்கம் போனாலும் சரி, இது திறந்துதான் இருக்கும். அதுக்கு நான் ஆச்சு."

ஓவென்று ஒரு சத்தம் கிளம்பியது பாருங்கள்! நாதஸ்வரத்தில் ஒரு பாட்டு, பேண்டு செட்டில் வேறொரு பாட்டு, இரண்டும் ஒரே நேரத்தில். காது கிழிந்தது. அந்த இரைச்சலைப் போல இனிமையான சங்கீதத்தை நான் கேட்டதில்லை. பள்ளம் வெட்ட நட்டிருந்த அடையாளக் கற்களை நாலைந்து பேர் அங்கேயே பிடுங்கிப் போட்டார்கள். உத்தரவு வரும் வரை காத்திருக்க அவர்களுக்குப் பொறுமை இல்லை.

நைனா விமானத்தின் பக்கத்தில் வந்து இறக்கையைத் தடவிப் பார்த்தார். "துணியா இது?" என்றார். ஆமாம் நைனா என்றேன். "இத நம்பிக்கினா மேல போற?" என்றார். நான் ஏதாவது சொல்வதற்குள், பக்கத்து ஊரிலிருந்து வேடிக்கை பார்க்க வந்த ஒருவரிடம் திரும்பி, "எம் புள்ள. ஏரோப்ளேன் ஓட்டறான்" என்றார். கேட்காதவர்களுக்கும் போய்ப் போய்ச் சொன்னார்.

அதிகாரி சொன்னதைச் செய்தார். சில மாதங்களில் உத்தரவு வந்தது. ஓடுபாதை திறந்தே இருக்கும், கடலையும் காயப்போடலாம், விமானம் வந்தால் வாரிவிட வேண்டும் என்று. எல்லாக் கட்சிப் பிரமுகர்களும் தங்களால்தான் இது நடந்தது என்று மேடையில் பேசினார்கள். பேசட்டும் என்று விட்டுவிட்டேன். எல்லைக் கோடும் பிறகு ஒரு வழியாக விழுந்தது. மேடு எந்தப் பக்கம் போயிற்று என்று நான் சொல்லப் போவதில்லை. சொன்னால் இப்போதும் இரண்டு பேர் சண்டைக்கு வருவார்கள்.

அடுத்த கடலைப் பருவத்தில் ஒரு நாள், என்னிடம் பயிற்சி பெற்ற ஒரு பெண் தனியாகப் பறந்து போயிருந்தாள். நகரி மலையைத் தாண்டும்போது எண்ணெய்க் குழாய் வெடித்து, முன்கண்ணாடியெல்லாம் எண்ணெய் பூசிக்கொண்டது. எதிரே ஒன்றும் தெரியவில்லை. பக்கவாட்டில் எட்டிப் பார்த்தபடியே மேட்டில் இறங்கியிருக்கிறாள். தகவல் வந்து நான் ஜீப்பில் அடித்துப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது சாயங்காலம். அவள் மில் மாமா வீட்டில், முகத்தில் எண்ணெய்க் கறை போகாமல், சம்மணம் போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டிலும் அவளுக்கு இலை போட்டு வைத்திருப்பதாக நைனா வாசலில் நின்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்.

"நான் இறங்கும்போது ரெண்டு பெரியவங்க கையில துடைப்பத்தோட ஓடி வந்தாங்க சார்" என்றாள் அவள். "ஒருத்தர் தமிழ்ல கத்தினார், ஒருத்தர் தெலுங்குல கத்தினார். பயந்தே போயிட்டேன். அப்புறம்தான் புரிஞ்சுது, ரெண்டு பேரும் சாப்பிட வாம்மான்னுதான் கத்தியிருக்காங்க."

அவள் உயிரோடு உட்கார்ந்து சோறு பிசைவதை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். இன்றைக்கும் எங்கேயாவது ஒரு கோட்டுக்காக ஜனங்கள் மல்லுக்கட்டுகிறார்கள் என்று பேப்பரில் படிக்கும்போது நான் நம்பிக்கை இழப்பதில்லை. தலைக்கு மேல் ஒரு உயிர் இறங்க இடமில்லாமல் தவிக்கிறது என்று தெரிந்த நிமிஷத்தில், தாங்கள் கட்டியதைத் தாங்களே அறுத்துப் போட்டுவிட்டு ஓடி வருகிறவர்கள் அந்த இரண்டு பக்கத்திலும் இருக்கிறார்கள் என்பதை நான் மேலிருந்து என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.